அடையாள அணிவகுப்பு: ஒரு தடவை மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி

சிறை வளாகத்துக்குள் ஒரு திறந்த இடம். எட்டுப் பத்துப் பேர் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். அதில் ஒருவர் வழிப்பறி வழக்கில் கைதாகி நீதிமன்றக் காவலில் இருப்பவர். மற்றவர்களுக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. நீதித்துறை நடுவர் ஓரமாக நின்று குறிப்பெடுக்கிறார். போலீஸ்காரர் யாரும் பக்கத்தில் இல்லை. சாட்சி ஒருவர் அழைத்து வரப்படுகிறார். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே போகிறார். கொஞ்சம் திரும்பி வந்து ஒருவரின் தோளைத் தொடுகிறார். சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு, நிற்பவர்களை இடம் மாற்றுகிறார்கள், சிலர் சட்டையை மாற்றிக்கொள்கிறார்கள். அதே சாட்சி மறுபடி வந்து அதே ஆளைத் தொடுகிறார். பல இடங்களில் மூன்றாவது தடவையும் இது நடக்கும். ‘மூன்று முறையும் சரியாக அடையாளம் காட்டினார்’ என்று அறிக்கை எழுதப்படும்.

அந்த வரியைப் படிக்கிறவர்களுக்கு இது மூன்று மடங்கு உறுதி போலத் தெரியும். உண்மையில் சோதனை முதல் சுற்றோடு முடிந்துவிட்டது. இரண்டாவது தடவை வரும்போது சாட்சியின் மனதில் புதிதாகவும் தெளிவாகவும் இருப்பது ஐந்து நிமிடத்துக்கு முன் தான் தொட்ட முகம். தெருவிளக்கு வெளிச்சத்தில் சில வினாடிகள் பார்த்த முகத்தை அது மூடிவிடுகிறது. முதல் தடவை தவறாகத் தொட்டிருந்தால், அந்தத் தவறைத்தான் அடுத்த இரண்டு சுற்றும் உறுதிப்படுத்தும். இடத்தையும் சட்டையையும் மாற்றுவதால் ‘இடத்தை வைத்துச் சொன்னார்’, ‘சட்டையை வைத்துச் சொன்னார்’ என்ற ஆட்சேபத்துக்குப் பதில் கிடைக்கும். முகத்தை எங்கிருந்து நினைவில் வைத்திருக்கிறார் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்த ஒரு வழக்கைவிட நல்ல பாடம் கிடையாது. 1984 ஜூலையில் பர்லிங்டன் என்ற ஊரில் ஜெனிஃபர் தாம்ப்சன் என்ற 22 வயதுக் கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் இரவில் ஒருவன் புகுந்து, கத்தியைக் கழுத்தில் வைத்து அவரைப் பாலியல் வன்கொடுமை செய்தான். அந்த நேரத்திலும் அவர் ஒரு முடிவெடுத்தார்: இவன் முகத்தை மறக்கக் கூடாது. வெளிச்சம் கிடைத்த ஒவ்வொரு தருணத்திலும் முடி, கண், மூக்கு, தாடை என்று மனதில் பதித்துக்கொண்டார். உயிர் தப்பிய பிறகு, போலீஸ் ஓவியம் தயாரிக்கவும் உதவினார். இதைவிட அக்கறையான, நேர்மையான சாட்சியைக் கற்பனை செய்ய முடியாது.

சில நாட்களில் அவர் முன் ஆறு புகைப்படங்கள் வைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று ரொனால்ட் காட்டனுடையது. நான்கைந்து நிமிடம் பார்த்தார். இவன்தான் என்று நினைக்கிறேன் என்ற பொருளில் ஒன்றைக் காட்டினார். அடுத்தடுத்த கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது ‘நினைக்கிறேன்’ உதிர்ந்து உறுதியாகிவிட்டது. சரியாகச் செய்தேனா என்று கேட்டார். நன்றாகச் செய்தீர்கள் என்று பதில் வந்தது. அதன் பிறகு நேரடி அணிவகுப்பு. ஏழு பேர் நின்றார்கள். நான்காம் எண்ணா ஐந்தாம் எண்ணா என்று தயங்கி, ஐந்தாம் எண்தான் அதிகம் ஒத்திருக்கிறார் என்றார். ஐந்தாம் எண் காட்டன். புகைப்படத்திலும் வரிசையிலும் இரண்டிலும் இருந்த ஒரே ஆள் அவர்தான். படத்தில் காட்டியதும் இவரைத்தான் என்று பிறகு அவரிடம் சொல்லப்பட்டது. 1985 ஜனவரியில் விசாரணை நடந்தபோது சாட்சிக் கூண்டில் அவருக்குத் துளி சந்தேகம் இல்லை. காட்டனுக்கு ஆயுள் தண்டனையும் மேலே 50 ஆண்டும் விதித்தார்கள்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சதி செய்யவில்லை. தப்பு எங்கே புகுந்தது என்று ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

சம்பவ இடத்தில் நடப்பதை நாம் மாற்ற முடியாது. வெளிச்சம், தூரம், எத்தனை வினாடி பார்த்தார், கையில் ஆயுதம் இருந்ததா என்பதெல்லாம் ஏற்கெனவே முடிந்துபோனவை. கத்தியோ துப்பாக்கியோ இருந்தால் கண் அதன் மேலேயே நிற்கும். முகத்துக்குக் கிடைக்கும் நேரம் குறையும். வேறு இனத்தவரின் முகங்களைப் பிரித்தறிவதில் எல்லா இனத்தவரும் கூடுதலாகத் தவறுகிறார்கள்; தாம்ப்சன் வெள்ளையர், காட்டன் கறுப்பர். ‘உயிர் போகும் பயத்தில் பார்த்த முகம் மறக்குமா’ என்று நம் ஊரில் அடிக்கடி கேட்போம். அதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தினர் 500-க்கும் மேற்பட்டோரைப் பயிற்சி முகாமில் கடுமையாகவும் மென்மையாகவும் நேருக்கு நேர் விசாரித்து, ஒரு நாள் கழித்து விசாரித்தவரை அடையாளம் காட்டச் சொன்ன ஆய்வு 2004-இல் வெளியானது. மென்மையான விசாரணையில் இருந்தவர்களில் 62 சதவீதம் பேர் நேரடி வரிசையில் சரியாகக் காட்டினார்கள். கடுமையான விசாரணையில் அது 30 சதவீதமாக விழுந்தது. பயிற்சி பெற்ற சிப்பாய்கள், அரை மணி நேரத்துக்கும் மேல் எதிரே உட்கார்ந்திருந்த முகம்! பயம் சம்பவத்தை ஆழமாகப் பதிக்கும். முகத்தையும் அதே துல்லியத்தோடு பதிக்கும் என்று எண்ணுவதில்தான் பிழை.

மாற்ற முடிந்தது அதன் பிறகு நடப்பவைதான். இந்தப் பிரிவினையை 1978-இல் தெளிவாக வகுத்துச் சொன்னவர் கேரி வெல்ஸ் என்ற உளவியலாளர். அணிவகுப்பை ஓர் அறிவியல் சோதனைபோல நடத்த வேண்டும் என்பதுதான் அப்போதிருந்து அவர் சொல்லிவருவது.

அவருடைய ஒரு சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முழு விஷயமும் அதற்குள் இருக்கிறது. நடித்துக்காட்டிய ஒரு குற்றத்தை 200 பேர் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு உண்மையான ஆள் உள்ள ஆறு பேர் வரிசையைக் காட்டினார்கள். மறுபாதிக்கு அதே வரிசையில் அந்த ஆளை மட்டும் எடுத்துவிட்டு மீதி ஐந்து பேரைக் காட்டினார்கள். ஆள் இல்லாமலும் இருக்கலாம் என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. முதல் குழுவில் 54 சதவீதம் பேர் சரியான ஆளைக் காட்டினார்கள், 21 சதவீதம் பேர் யாரையும் காட்டவில்லை. இரண்டாம் குழுவில் என்ன நடந்திருக்க வேண்டும்? நினைவை வைத்துத்தான் அந்த 54 பேரும் சொன்னார்கள் என்றால், ஆள் இல்லாதபோது ‘இல்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். 21 என்பது 75 ஆகியிருக்க வேண்டும். ஆனது 32 மட்டுமே. முதல் குழுவில் 13 சதவீதம் பேர் மட்டும் காட்டிய இரண்டாம் எண் ஆளை இரண்டாம் குழுவில் 38 சதவீதம் பேர் காட்டினார்கள். அவர் எந்தத் தவறும் செய்யாதவர். உண்மையான ஆளுக்கு அடுத்தபடியாக ஒத்திருந்தார், அவ்வளவுதான்.

சாட்சி வரிசையைப் பார்க்கும்போது தன் மனதிலுள்ள முகத்தோடு ஒவ்வொருவரையும் தனித்தனியே ஒப்பிடுகிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் நடப்பது வரிசையில் நிற்பவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடுவது. ‘ஐந்தாம் எண்தான் அதிகம் ஒத்திருக்கிறார்’ என்று தாம்ப்சன் சொன்னது இதன் அச்சு அசலான வடிவம். நிஜமான ஆள் வரிசையில் இல்லாதபோதும் யாரோ ஒருவர் அதிகம் ஒத்திருக்கத்தான் செய்வார். அமெரிக்காவில் நிஜமான வழக்குகளில் நடந்த அணிவகுப்புகளின் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, யாரையாவது தேர்ந்தெடுத்த சாட்சிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் காட்டியது குற்றத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று போலீசுக்கே தெரிந்த, வெறுமனே நிற்கவைத்த ஆளை. அந்தத் தவறு உடனே வெளியே தெரிந்துவிடும். சந்தேக நபர் நிரபராதியாக இருந்து அவரைக் காட்டினால் அது தவறு என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே உடன் நிற்பவர்களின் தேர்வுதான் அணிவகுப்பின் உயிர். இங்கே இரண்டு வகையில் தவறலாம். சாட்சி முதல் வாக்குமூலத்தில் ‘25 வயதிருக்கும், ஒல்லி, சுருட்டை முடி, தாடி’ என்று சொல்லியிருந்தால், வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் அந்த நான்கும் இருக்க வேண்டும். தாடி ஒருவருக்கு மட்டும் இருந்தால், சம்பவத்தையே பார்க்காத ஆள்கூட வாக்குமூலத்தைப் படித்துவிட்டு அவரைக் காட்டிவிடலாம். மறுபக்கம், சந்தேக நபரின் முகச்சாயலை வைத்து அண்ணன் தம்பிபோல ஆட்களைத் தேடி நிறுத்தினால் நல்ல நினைவுள்ள சாட்சியும் குழம்பிப்போவார். சாட்சி சொன்ன விவரத்துக்கு எல்லோரும் பொருந்த வேண்டும். சொல்லாத அம்சங்களில் இயல்பாக வேறுபட வேண்டும். முகத்தில் தழும்பு போன்ற தனி அடையாளம் சந்தேக நபருக்கு மட்டும் இருந்தால், அதே இடத்தில் எல்லோருக்கும் பிளாஸ்டர் ஒட்டிவிடலாம். புகைப்படம் என்றால் ஒரே அளவு, ஒரே பின்னணி, ஒரே கோணம். ஐந்து படம் பாஸ்போர்ட் படமாகவும் ஒன்று மட்டும் காவல் நிலையச் சுவர் முன் எடுத்ததாகவும் இருந்தால் படம் தானே பேசிவிடும்.

வரிசை நியாயமானதா என்று சரிபார்க்க எளிய வழி ஒன்றுண்டு, செலவே இல்லை. சம்பவம் பற்றி எதுவும் தெரியாத 30 பேரிடம் சாட்சி சொன்ன விவரத்தை மட்டும் படித்துக் காட்டி, ஆறு படங்களில் யாராக இருக்கும் என்று கேட்க வேண்டும். வரிசை ஒழுங்காக இருந்தால் ஆளுக்குச் சுமார் ஐந்து பேர் என்று பிரிவார்கள். 15 பேர் சந்தேக நபரையே காட்டினால் 30-ஐ 15-ஆல் வகுத்தால் இரண்டு. அதாவது பார்வைக்கு ஆறு பேர் நின்றாலும் உண்மையில் அது இரண்டு பேர் வரிசை. எதிர்தரப்பு வழக்கறிஞர்கள் அணிவகுப்புப் புகைப்படத்தை வைத்து இதைச் செய்து பார்ப்பதில் எந்தத் தடையும் இல்லை. நம் நீதிமன்றங்களில் இந்த வாதம் அதிகம் எழுப்பப்படுவதில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

எத்தனை பேர் நிற்க வேண்டும்? இங்கிலாந்தில் சந்தேக நபரைத் தவிர குறைந்தது எட்டுப் பேர் என்பது விதி. அமெரிக்காவில் ஐந்து பேர் வழக்கம். இந்தியாவில் ஒருவருக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை நிறுத்துவார்கள். எண்ணிக்கையைவிட முக்கியம் ஒரு வரிசையில் ஒரே ஒரு சந்தேக நபர்தான் இருக்க வேண்டும் என்பது. நான்கு எதிரிகளையும் (குற்றம் சாட்டப்பட்டவர்களையும்) ஆறு வெளியாட்களையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பத்தில் நான்கு தடவை ‘சரியான’ பதில் கிடைத்துவிடும்.

அடுத்தது, யார் நடத்துவது என்பது. சந்தேக நபர் யார் என்று தெரிந்தவர் பக்கத்தில் நின்றால் அவருக்கே தெரியாமல் அவர் உடம்பு சொல்லிக்கொடுத்துவிடும். சாட்சி மூன்றாம் எண்ணைப் பார்த்துத் தயங்கும்போது ‘அவசரமில்லை, எல்லோரையும் நன்றாகப் பாருங்கள்’ என்பார். ஐந்தாம் எண்ணைப் பார்த்துத் தயங்கும்போது ‘சொல்லுங்கள், என்ன தோன்றுகிறது?’ என்பார். இரண்டும் குற்றமற்ற வாக்கியங்கள். ஆனால் எந்த எண்ணுக்கு எது என்பதில் பதில் அடங்கிவிட்டது. ஆகவே யார் என்றே தெரியாதவர்தான் நடத்த வேண்டும். சின்னக் காவல் நிலையத்தில் அப்படி ஆள் கிடைக்காவிட்டால் பத்துக் காகித உறைகள் போதும். முதல் உறையில் சம்பந்தமில்லாத ஒருவரின் படம். அடுத்த ஐந்து உறைகளில் சந்தேக நபர் படமும் வேறு நான்கு படங்களும், சீட்டுப்போலக் கலைத்து வைக்கப்பட்டவை. கடைசி நான்கில் வெற்றுத்தாள், முடிவு எங்கே என்று சாட்சிக்குத் தெரியாமலிருக்க. அதிகாரி படம் தன் கண்ணில் படாதபடி உட்கார்ந்து ஒவ்வோர் உறையாக நீட்டுவார். இப்படி ஒவ்வொன்றாகக் காட்டுவது நல்லதா, எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுவது நல்லதா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது. காட்டுபவருக்கு விடை தெரியக் கூடாது என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

தொடங்குமுன் சாட்சியிடம் சொல்ல வேண்டியவை மூன்று. நீங்கள் பார்த்த ஆள் இதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாரையும் காட்டியே ஆக வேண்டும் என்றில்லை. நீங்கள் காட்டினாலும் காட்டாவிட்டாலும் விசாரணை தொடரும். மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் சாட்சியின் நெஞ்சில் உள்ள பாரத்தை இறக்குவது அதுதான். தன்னால் ஒரு குற்றவாளி தப்பிவிடுவானோ என்ற பயத்தில்தான் நல்ல மனிதர்கள் தோராயமாக ஒருவரைக் காட்டுகிறார்கள்.

காட்டிய மறுநொடி கேட்க வேண்டியது: எவ்வளவு உறுதி? அவர் வாயிலிருந்து வரும் சொற்களை அப்படியே எழுத வேண்டும், முடிந்தால் காணொளியாக. ‘அடையாளம் காட்டினார்’ என்று சுருக்கிவிட்டால் உள்ளே இருந்த ‘அநேகமாக’, ‘மாதிரி இருக்கு’, ‘கண்ணு மட்டும்’ எல்லாம் காணாமல் போய்விடும். ஒழுங்காக நடத்தப்பட்ட முதல் அணிவகுப்பில் அந்த நொடி சாட்சி காட்டும் உறுதிக்கும் அவர் சரியாகச் சொல்வதற்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை உளவியலாளர் ஜான் விக்ஸ்டெடும் கேரி வெல்ஸும் 2017-இல் சேர்ந்து எழுதிய விரிவான ஆய்வில் காட்டினார்கள். உடனே, தயங்காமல், முழு உறுதியோடு சொன்னால் அதற்கு மதிப்புண்டு. நான்கைந்து நிமிட யோசனைக்குப் பிறகு ‘நினைக்கிறேன்’ என்றால் அதுவும் ஒரு தகவல்தான், எச்சரிக்கையான தகவல். காட்டன் வழக்கில் உண்மை அந்த நான்கைந்து நிமிடத்தில் வெளியே வந்திருந்தது. யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த நொடி தாண்டிய பிறகு உறுதியை நம்ப முடியாது. 1998-இல் வெல்ஸும் ஏமி பிராட்ஃபீல்டும் செய்த சோதனையில் எல்லோருக்கும் காட்டியது உண்மையான ஆள் இல்லாத வரிசை; ஆகவே காட்டிய அத்தனை பேரும் தவறாகவே காட்டினார்கள். சிலரிடம் மட்டும் ‘நல்லது, சந்தேக நபரைத்தான் காட்டினீர்கள்’ என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். பிறகு கேட்டபோது அவர்கள் தாங்கள் தொடக்கத்திலிருந்தே உறுதியாக இருந்ததாகச் சொன்னார்கள். முகத்தை நன்றாகப் பார்த்ததாக, கூர்ந்து கவனித்ததாக, எளிதில் கண்டுபிடித்துவிட்டதாகவும் சொன்னார்கள். ஒரு பாராட்டு பின்னோக்கிப் போய்ச் சம்பவ இரவின் வெளிச்சத்தையே கூட்டிவிடுகிறது. நீதிமன்றம் சாட்சியின் நம்பகத்தை அளக்கக் கேட்கும் கேள்விகளும் இவைதான்: நன்றாகப் பார்த்தீர்களா, எவ்வளவு நேரம், எவ்வளவு உறுதி?

இனி நம் ஊர். ஓர் ஆளின் அடையாளத்தை நிறுவும் விவரங்களை வழக்கில் ஏற்க இடம் தந்தது இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு; அது 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 7-ஆம் பிரிவாகியிருக்கிறது. அணிவகுப்புக்கு உட்படுத்த நீதிமன்றம் உத்தரவிடுவது குறித்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54ஏ பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 54-ஆம் பிரிவு. போலீசிடம் சொன்னது சாட்சியமாகாது என்பதால் அணிவகுப்பை நடுவர் நடத்துகிறார், இது நம் முறையின் பெரிய பலம். தமிழ்நாட்டின் குற்றவியல் நடைமுறை விதிகளில் இதற்கென்றே உள்ள விதியைப் படித்தால் வியப்பாக இருக்கும்.  உடன் நிற்பவர்கள் வயது, உயரம், தோற்றம், வாழ்க்கை நிலை ஆகியவற்றில் ஒத்திருக்க வேண்டும். எதிரி தன் இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளலாம். ஆட்சேபம் உண்டா என்று அவரைக் கேட்க வேண்டும். பார்த்து முடித்த சாட்சி, காத்திருக்கும் சாட்சியோடு பேசக் கூடாது. முன்பழக்கம் உண்டா, எந்த அடையாளத்தை வைத்துச் சொல்வீர்கள் என்று முன்பே கேட்க வேண்டும். காட்டினாலும் காட்டாவிட்டாலும் எல்லாவற்றையும் பதிய வேண்டும். ‘வாழ்க்கை நிலை’ என்ற சொல்லை எழுதியவருக்குக் கண் இருந்திருக்கிறது. கட்டட வேலை செய்யும் பையனை அலுவலக ஊழியர்களுக்கு நடுவே நிறுத்தினால் காலின் வெடிப்பும் தோளின் கறுப்புமே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் அந்த விதியில் இல்லாதவை உண்டு. ஆள் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் சொல்ல வேண்டும் என்பது இல்லை. உறுதியைச் சாட்சியின் சொந்தச் சொற்களில் எழுத வேண்டும் என்பது இல்லை. நடுவருக்கு எதிரி யார் என்பது தெரிந்தே இருக்கும். இடம் தேர்ந்துகொள்ளச் சொல்லவும் ஆட்சேபம் கேட்கவும் அது தெரிந்தாக வேண்டும். இதற்குத் தீர்வு கடினமல்ல. ஏற்பாடுகளை முடித்துவிட்டு நடுவர் சாட்சியின் முதுகுக்குப் பின்னால் போய்விடலாம். எதிரி யாரென்று தெரியாத ஓர் ஊழியர் சாட்சியை அழைத்து வந்து அறிவுரையை எழுதியபடி வாசிக்கலாம்.

விதிகளைக் கடைப்பிடித்தாலும் வெளியிலிருந்து கெடுதல் வரும். முகத்தைத் துணியால் மூடி நீதிமன்றத்துக்குக் கூட்டிவருகிறார்களே, அது எதிரியின் வெட்கத்துக்காக இல்லை, இந்தச் சோதனையைக் காப்பாற்றுவதற்காக. கைதான அன்றே படம் தொலைக்காட்சியிலும் வாட்ஸாப்பிலும் வந்துவிட்டால் துணிக்கு வேலை இல்லை. அதைவிட மோசம், ‘இவனா பாருங்க’ என்று செல்போனில் ஒற்றைப் படத்தைச் சாட்சிக்குக் காட்டுவது. அது ஒருவர் மட்டும் நிற்கும் அணிவகுப்பு. அதன் பிறகு சிறையில் எவ்வளவு ஒழுங்காக நடத்தினாலும், சாட்சி தொடப்போவது செல்போனில் பார்த்த முகத்தை. கேரளத்தில் 2000-இல் நடந்த ஒரு கும்பல் வன்முறை வழக்கில், சாட்சிகள் எதிரிகளை முன்பே பார்க்க வாய்ப்பிருந்தது, அணிவகுப்பின்போது போலீசார் அருகிலேயே இருந்தார்கள் என்று கண்டு உச்ச நீதிமன்றம் 2022-இல் தண்டனையை ரத்து செய்தது. இடையில் 22 ஆண்டுகள்.

எல்லாவற்றையும்விட ஆழமான சிக்கல் சட்டக் கோட்பாட்டிலேயே இருக்கிறது. அணிவகுப்பு சுயேச்சையான சாட்சியம் ஆகாது. நீதிமன்றத்தில் கூண்டில் நிற்பவரைக் காட்டுவதுதான் அடிப்படைச் சாட்சியம், அணிவகுப்பு அதற்குத் துணை நிற்பது மட்டுமே என்று 2003-இல் மல்கான்சிங் வழக்கு உட்படப் பல தீர்ப்புகள் சொல்கின்றன. முன்பின் தெரியாத ஆளை அணிவகுப்பே இல்லாமல் முதல்முறை நீதிமன்றத்தில் காட்டுவதற்கு மதிப்பில்லை என்று 1979-இல் கண்ணன் வழக்கில் சொல்லப்பட்டது பெரிய பாதுகாப்பு. ஆனால் அணிவகுப்பு எல்லாச் சூழலிலும் கட்டாயம் என்று பின்வந்த தீர்ப்புகள் கொள்ளவில்லை. நீதிமன்றத்தில் காட்டுவதே அடிப்படை என்பது, சாட்சியத்தை நீதிபதியின் முன், குறுக்கு விசாரணைக்கு உட்பட்டுச் சொல்ல வேண்டும் என்ற கொள்கையிலிருந்து வருவது. மற்ற விஷயங்களுக்கு அந்தக் கொள்கை சரி. முகத்துக்கு அது தலைகீழ். நான்கைந்து வருடம் கழித்து, கூண்டில் ஒரே ஒருவர் நிற்கும்போது காட்டுவதில் எந்தச் சோதனையும் இல்லை. தெருவில் போகிற குழந்தையும் காட்டிவிடும். சம்பவத்துக்குச் சில நாள் கழித்து, பத்துப் பேர் நடுவே, யாரும் சொல்லிக்கொடுக்காமல் நடந்த அந்த முதல் தொடுகைதான் கையில் இருப்பவற்றில் கெடாத ஒன்று. 2021-இல் விக்ஸ்டெட், வெல்ஸ், நினைவு ஆய்வாளர் எலிசபெத் லாஃப்டஸ், சட்டப் பேராசிரியர் பிராண்டன் காரெட் நால்வரும் சேர்ந்து எழுதியது இதைத்தான்: ஒரு சந்தேக நபர் குறித்து ஒரு சாட்சியின் நினைவை ஒரே ஒரு தடவைதான் சோதிக்க வேண்டும்.

ஆகவே ஒரு வழக்கின் ஆவணங்களைப் பார்ப்பவர் முதலில் தேட வேண்டியது காலவரிசையை. முதல் தகவல் அறிக்கையில் அங்க அடையாளம் சொல்லப்பட்டதா? எந்த நாளில் எந்த வடிவில் எதிரியின் முகம் சாட்சியின் கண்ணில் முதலில் பட்டது? கைதுக்கும் அணிவகுப்புக்கும் எத்தனை நாள் இடைவெளி, அந்த நாட்களில் எதிரி எங்கே இருந்தார்? நடுவரின் அறிக்கையில் முதல் சுற்றில் எவ்வளவு நேரம் ஆனது, வேறு யாரையாவது முதலில் தொட்டாரா? காட்டாத சாட்சிகள் எத்தனை பேர்? கடைசிக் கேள்வி சாதாரணமானதில்லை. 1984-இல் அதே இரவில் அதே ஊரில் இன்னொரு பெண்ணும் தாக்கப்பட்டிருந்தார். அணிவகுப்பில் அவர் காட்டியது வேறோர் ஆளை. அதை முதல் விசாரணையில் ஜூரிக்குச் சொல்ல அனுமதிக்கவில்லை. அந்தக் காரணத்தால்தான் காட்டனுக்கு 1987-இல் மறுவிசாரணை கிடைத்தது.

சாட்சியாக அழைக்கப்படுகிறவர் செய்யக்கூடியதும் உண்டு. சம்பவம் நடந்த அன்றே, உடனிருந்தவர்களோடு பேசிக் கலப்பதற்கு முன், பார்த்ததை எழுதி வைத்துவிடுவது. அணிவகுப்புக்கு முன் யார் படம் காட்ட வந்தாலும் பார்க்க மறுப்பது. வரிசையைப் பார்த்துப் பிடிபடாவிட்டால் ‘யாரும் இல்லை’ என்று சொல்வது. முதல் தடவை எவ்வளவு உறுதியாக இருந்ததோ அதையே கடைசி வரை சொல்வது.

1987 மறுவிசாரணையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அதற்குள் சிறையில் பாபி பூல் என்ற இன்னொரு கைதி, இந்தக் குற்றத்தைத் தான்தான் செய்ததாகச் சக கைதி ஒருவரிடம் சொல்லியிருந்தார். காட்டனுக்கும் அவருக்கும் முகச்சாயல் உண்டு. ஜூரி இல்லாத நேரத்தில் பூலை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து தாம்ப்சனிடம் காட்டினார்கள். தன்னைச் சிதைத்த ஆள் சில அடி தூரத்தில் நிற்கிறான், தாம்ப்சன் அவனை நேராகப் பார்க்கிறார். இவரை நான் பார்த்ததே இல்லை என்றார். மூன்று ஆண்டுகளாக அவருடைய கெட்ட கனவுகளில் வந்த முகம் காட்டனுடையதாக மாறிவிட்டிருந்தது. காட்டனுக்கு மறுபடியும் ஆயுள், மேலே 54 ஆண்டு. 1995-இல் மரபணுச் சோதனை அவரை விலக்கி, பூலைக் காட்டியது. ஜூன் 30 அன்று காட்டன் வெளியே வந்தார், பத்தரை ஆண்டுக்குப் பிறகு. சோதிக்க ஒரு மாதிரி மிச்சமிருந்ததால் வந்தார். சங்கிலி பறிப்பிலும் வழிப்பறியிலும் அப்படி எதுவும் மிஞ்சுவதில்லை.